ஆடி முடியும் வரை பையனுக்கு ஒரு வேலை: நாங்கள் விசாரித்ததும் முடிவு செய்ததும்

சித்திரை முடிவதற்குள் சாவி உங்கள் கையில் என்று சொன்ன பில்டர், வைகாசி பிறந்ததும் லிஃப்ட் இன்னும் வந்து சேரவில்லை என்றார். லிஃப்ட் வந்தது. அப்புறம் பணி நிறைவுச் சான்று வாங்கினால்தான் மின் இணைப்பு கிடைக்கும், அதற்கு இன்னும் மூணு நாலு வாரம் ஆகும் என்றார். அதற்குள் ஆனி வந்துவிடும். "ஆனி அடியெடுக்காதே, கூனி குடிபோகாதே" என்று என் மாமியார் போனிலேயே ஆரம்பித்துவிட்டார். ஆனி போனால் ஆடி. ஆடியில் பால் காய்ச்ச எங்கள் இரண்டு பக்கத்திலும் ஒருத்தரும் சம்மதிக்க மாட்டார்கள். ஆக, மதுரை வில்லாபுரத்திலிருந்து கோயம்புத்தூர் போகவேண்டிய நாங்கள் ஆகஸ்ட் 17, அதாவது ஆவணி பிறக்கும் வரை இங்கேயேதான்.

என் வீட்டுக்காரர் வேலை மாற்றலாகி பங்குனியிலேயே கோவை போய் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறார். அங்கே ரூம் வாடகை, இங்கே வீட்டு வாடகை, இன்னும் குடிபோகாத வீட்டுக்கு பேங்க் வட்டி என்று மூன்று பக்கமும் பணம் போய்க்கொண்டிருக்கிறது. பையனுக்கு இருபது வயது. பி.காம் கடைசி செமஸ்டரை ஏப்ரலில் எழுதி முடித்தான். கோவை போய் நிரந்தரமாக ஒரு வேலை தேடிக்கொள்ளலாம் என்று இருந்தவன், பாதி மூட்டை கட்டிய வீட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் பாயை விரித்து போனைப் பார்த்தபடி கிடந்தான். ஏதாவது வேலைக்குப் போடா என்று நானும், மூணு மாசத்துக்கு எவன்ம்மா வேலை தருவான் என்று அவனும் ஒரு வாரம் சண்டை போட்டோம். அப்புறம் ஒரு நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக விசாரித்தோம். வீடு மாறுவது தள்ளிப்போய் இதே மாதிரி நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள், அவர்களுக்கு உதவட்டும் என்று அந்த நோட்டிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நிரந்தர வேலை என்றால் உள்ளே நுழைவதுதான் பாடு. மூணு மாச வேலையில் வெளியே வருவதுதான் பாடு. அதனால் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் வேறு மூன்று விஷயங்களைக் கேட்டோம். கிளம்பும் நாளில் பாக்கி இல்லாமல் பணம் கைக்கு வருமா? ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வார்களா? இவன் நடுவில் விட்டுவிட்டுப் போனால் யாருக்காவது கெடுதலா? இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தபோது, நல்ல வேலை என்று நான் நினைத்திருந்த சிலது கீழே போய்விட்டது, சேச்சே என்று நினைத்தது மேலே வந்துவிட்டது.

ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது ஜவுளிக்கடைதான். விளக்குத்தூணிலிருந்து தெற்கு மாசி வீதிவரை நடந்தால் நாலு கடை வாசலிலாவது "ஆட்கள் தேவை" என்று ஒட்டியிருக்கும். ஆடித் தள்ளுபடி வருகிறதே, கூடுதல் ஆள் இல்லாமல் முடியாது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள், எங்களை வீடு மாற விடாமல் பிடித்து வைத்திருக்கிற அதே ஆடிதான் கடைக்காரர்களைத் தற்காலிக ஆள் தேட வைக்கிறது. நாங்கள் போன கடையில் மேனேஜரிடம் ஆவணியில் ஊருக்குப் போய்விடுவான் என்று நேராகவே சொன்னேன். "ஆடி முடியுற வரைக்கும் இருந்தாப் போதும்க்கா" என்றார். பில்டர் சொல்லும் தேதியை நம்ப முடியாது, ஆனால் ஆடி முடிகிற தேதியை நம்பலாம். அந்த வகையில் ஜவுளிக்கடை எங்கள் கணக்குக்குப் பொருந்தத்தான் செய்தது.

ஆனால் சம்பளம் 10,500, காலை ஒன்பதரை முதல் ராத்திரி ஒன்பதரை வரை, மாதம் 26 நாள். 312 மணி நேரம். மணிக்கு முப்பத்துநாலு ரூபாய்கூட முழுசாக வரவில்லை. அதைவிட, பத்து நாள் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வோம், நிற்கும்போது தருவோம் என்றார்கள். ப்ளஸ் டூ மார்க் ஷீட் ஒரிஜினல் வேண்டும் என்றும் கேட்டார்கள். அது பெட்டிக்குள் கட்டியாகிவிட்டது என்றேன், அது உண்மையும்கூட. நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021லேயே கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். அந்தக் கடையிலும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் இருக்கத்தான் செய்தது, அதன்மேல் சட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

அடுத்தது பையனே ஆசைப்பட்டது, சாப்பாடு டெலிவரி. ஸ்விக்கி, ஸொமேட்டோ இரண்டில் எதுவானாலும் விட்டுப் போவதைப் பொறுத்தவரை இதற்கு மேல் சுலபமான வேலை கிடையாது. நாளைக்கு ஓட்டவில்லை என்றால் ஆப்பைத் திறக்காமல் இருந்தால் போதும், யாரிடமும் சொல்லிக்கொள்ளக்கூட வேண்டாம். பணம் வாராவாரம் பேங்கில் விழும். அவனுடைய நண்பன் ஒருவன் கல்லூரி முடித்ததிலிருந்து ஓட்டுகிறான், அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு டீ போட்டுக் கொடுத்துக் கணக்குக் கேட்டேன். பத்து மணி நேரம் ஓட்டினால் எண்ணூறு ரூபாய் பக்கம் வரும் என்றான். நூறு கிலோமீட்டர் ஓடியிருக்கும், நாற்பத்தைந்து மைலேஜ் தரும் வண்டிக்கு இரண்டே கால் லிட்டர் பெட்ரோல், அது இருநூற்று முப்பது. டீ, தண்ணீர் ஐம்பது. மிச்சம் ஐநூற்று இருபது, மணிக்கு ஐம்பத்திரண்டு. இதில் ஆயில் மாற்றுவதும் டயர் தேய்வதும் சேரவில்லை. வைகாசி வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்பதும் சேரவில்லை. தூங்கா நகரம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம், ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பரோட்டா கேட்பவனுக்கு அதைக் கொண்டுபோய்க் கொடுக்க யாரோ ஒரு வீட்டுப் பையன்தானே போகவேண்டியிருக்கிறது.

இதில் இரண்டு எச்சரிக்கை. புதிதாகச் சேர்ந்து சரிபார்ப்பு முடியும்வரை என் ஐடியில் ஓட்டுடா என்று நண்பர்கள் தாராளமாகச் சொல்வார்கள். வேண்டாம். கம்பெனி தரும் விபத்துக் காப்பீடு ஐடி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான். வீட்டு பைக்கின் இன்சூரன்சும் சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்தது, இந்த வேலையில் ஓட்டும்போது ஏதாவது ஆனால் கிளைமில் தகராறு வரலாம். இந்த மாதிரி ஆப் வழியாக வேலை பார்ப்பவர்களுக்குத் தமிழக அரசு தனி நலவாரியம் அமைப்பதாக 2023ல் அறிவித்தது. தொடர்ந்து ஓட்டப்போகிறவர்கள் அதில் பதிவு செய்துகொள்வது நல்லது. நான் என்ன செய்தேன் என்றால், இதைக் கடைசிக் கையிருப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி முடித்துவிட்டேன். பயம்தான், வேறு காரணம் தேடி அலைய வேண்டாம்.

மண்டப வேலையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கேட்டரிங்காரர்கள் முகூர்த்த நாளுக்குப் பந்தி பரிமாறக் கல்லூரிப் பையன்களைக் கூட்டிப்போவார்கள். எங்கள் தெருவில் அப்படிப் பந்திக்கு ஆள் சேர்க்கும் ஒரு மேஸ்திரி இருக்கிறார், அவரிடம் நம்பர் கொடுத்து வைத்தால் முதல் நாள் சாயங்காலம் போன் வரும். ராத்திரி டிபனுக்கும் மறுநாள் முகூர்த்தச் சாப்பாட்டுக்கும் சேர்த்து 900 ரூபாய், பந்தி முடிந்து பாத்திரம் வண்டியில் ஏறியதும் கையில் பணம். எந்தச் சான்றிதழும் கேட்க மாட்டார்கள். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, பி.காம் படித்துவிட்டுப் பந்தி பரிமாறவா என்று ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

முதல் தடவை பசுமலைப் பக்கம் ஒரு மண்டபம். கறுப்பு பேண்ட், வெள்ளைச் சட்டையில் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சட்டை வெளியே இருந்தது, பேண்ட்டைக் காணோம். நாலு பெட்டியின் டேப்பைக் கிழித்துப் பார்த்தபிறகு, "குக்கர், இட்லிக் கொப்பரை" என்று என் கையெழுத்திலேயே எழுதியிருந்த பெட்டியின் அடியில் கொப்பரைக்குள் சுருட்டி வைத்திருந்தது கிடைத்தது. பாத்திரம் உடையாமல் இருக்கத் துணியைத் திணித்தேன் போலிருக்கிறது, இட்லிக் கொப்பரை எங்கே உடையும்! போனவன் மறுநாள் மதியம் ஒன்றரைக்குத்தான் வந்தான். இலையின் நுனி சாப்பிடுகிறவருடைய இடது கைப் பக்கம் வரவேண்டும் என்பது தெரியாமல் ஒரு வரிசை முழுக்கத் திருப்பிப் போட்டுவிட்டானாம், மேஸ்திரி வந்து பதினெட்டு இலையையும் ஒவ்வொன்றாகத் திருப்பியிருக்கிறார். ரச வாளி தளும்பி மணிக்கட்டில் சிவந்திருந்தது. ராத்திரி மண்டபத்து ஜமுக்காளத்திலேயே இரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறான், நாலரைக்கு எழுப்பிவிட்டார்கள். பரிமாறியவர்கள் உட்காரும் கடைசிப் பந்தியில் பாயசம் தீர்ந்துபோய்விட்டது. பணத்தை என் கையில் கொடுத்துவிட்டு, "ம்மா, இனிமே கல்யாண வீட்டுல போய் ரெண்டாவது தடவை அப்பளம் கேட்காதீங்க, பாவம்மா" என்றான்.

ராத்திரி ஐந்தரை மணி நேரமும் பகல் எட்டு மணி நேரமும் என்று கணக்குப் போட்டால் மணிக்கு அறுபத்தாறு ரூபாய். ஒரே குறை, தினமும் முகூர்த்தம் கிடையாது. வைகாசியில் அவனுக்கு ஏழு அழைப்பு வந்தது, ஆனியில் குறையும், ஆடியில் கல்யாணமே இல்லை. ஆடியில் குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு உண்டு, அங்கே பரிமாற ஆள் கேட்பார்கள் என்று மேஸ்திரி சொல்கிறார். அதை நம்பி மாதச் செலவைத் திட்டம் போட முடியாது. ஆனால் விட்டுப் போவது என்று பார்த்தால் டெலிவரி மாதிரியே இதற்கும் முதல் மார்க். அடுத்த முகூர்த்தத்துக்கு வரமாட்டேன் என்றால் அவ்வளவுதான், வேறு பையன் வருவான்.

வீட்டுக்காரர் மனசில் இருந்தது இலந்தைக்குளம் ஐடி பார்க் பக்கம் ஏதாவது ஒரு பிபிஓ, அதாவது மற்ற கம்பெனிகளின் ஆபீஸ் வேலையை வாங்கிச் செய்துகொடுக்கும் கம்பெனி. ஏசி, கழுத்தில் டேக், சொல்லிக்கொள்ள மரியாதை. மாதச் சம்பளமும் நாங்கள் கேட்டதில் இதுதான் அதிகம். ஆனால் முதல் மாதம் முழுக்கப் பயிற்சி, அப்புறம் ஒரு மாத நோட்டீஸ். நடுவில் மிச்சம் இருப்பதே ஒரு மாதம். மூணு மாசத்தில் போய்விடுவேன் என்று சொன்னால் எடுக்க மாட்டார்கள், சொல்லாமல் சேர்ந்தால் பொய். சேர்ந்துவிட்டு ஓடிப்போனால் கோவையில் அடுத்த கம்பெனி பழைய ரிலீவிங் லெட்டரைக் கேட்கும்போது விழிக்கவேண்டியது இவன்தான். வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அதோடு சேர்த்து, வீட்டிலிருந்தே டைப்பிங் வேலை, மாதம் இருபதாயிரம் என்று டவுன் பஸ் கம்பிக்குப் பின்னாலும் கரண்ட் கம்பத்திலும் ஒட்டியிருக்கிறதே, அதைத் தொடவே தொடாதீர்கள். பதிவுக் கட்டணம் என்று இரண்டாயிரம் வாங்குவார்கள், நூறு பக்கம் டைப் அடித்து அனுப்பிய பிறகு பிழை அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டி இன்னும் பணம் கேட்பார்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்யவேண்டும். வேலை கொடுப்பவன் நம்மிடம் பணம் கேட்டால் அது வேலையே இல்லை.

சிம்மக்கல்லில் என் அண்ணன் கடை இருக்கிறது, பைப், குழாய் சாமான்கள். "எங்கேயோ ஏன் அனுப்புற, நம்ம கடைக்கு வரட்டும்" என்றார் அண்ணன். பாசமான மனுஷன், குறை சொல்லக்கூடாது. ஆனால் மாமா கடையில் சம்பளம் எவ்வளவு என்று மருமகன் கேட்க முடியுமா? கைச்செலவுக்கு ஏதோ கொடுப்பார். ஒரு நாள் லீவு போட்டால் அது அண்ணி வழியாக எனக்கு வரும். ஆவணியில் கிளம்பும்போது, பழக்கிவிட்டதும் போறான் பாரு என்று ஒரு பேச்சு வரும். சொந்தக்காரர் கடையில் நுழையக் கதவு பெரிதாகத் திறந்திருக்கும், வெளியே வரும் வாசல்தான் குறுகல்.

இவை தவிர மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிகாலை மூட்டை இறக்குவது, கூரியர் கோடவுனில் ராத்திரி பார்சல் பிரிப்பது என்று இரண்டு கேள்விப்பட்டோம். முதலாவதற்கு இவன் உடம்பு தாங்காது. இரண்டாவதில் நடுவில் ஒரு ஏஜென்சிக்காரர் இருக்கிறார், சம்பளம் அவர் கைவழியாக வரும், விட்டுப் போகும் நாளில் அவரைத் தேடிப் பிடிக்கவேண்டும். கே.புதூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடக்கும் தனியார் வேலை முகாமுக்கும் போனோம். அது நிரந்தர ஆள் தேடுகிறவர்களுக்கானது. பதிவு மட்டும் செய்துவிட்டு வந்தோம்.

இனி நாங்கள் யோசிக்காமலே இருந்த ஒன்று. ட்யூஷன் எடுக்கலாமே என்று பக்கத்து வீட்டம்மா சொன்னபோது நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஜூனில் ஆரம்பித்து ஆகஸ்டில் விட்டுப் போனால் பிள்ளைகளின் வருஷப் படிப்பு என்னாவது, அது கெடுதல் இல்லையா. "வருஷப் படிப்பு இல்லக்கா, என் பையன் அக்கவுண்டன்சில போயிட்டான், மறுபடி எழுதணும்ல" என்றார் அந்தம்மா. அப்போதுதான் உறைத்தது. ப்ளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வருகிறது, தவறியவர்களுக்குத் துணைத் தேர்வு ஜூன் கடைசியில். தொடக்கமும் முடிவும் அரசே குறித்துக் கொடுத்த நாற்பது நாள் வேலை அது. எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலுமாக நாலு பையன்கள் சேர்ந்தார்கள். தலைக்கு 1,500, தினமும் இரண்டு மணி நேரம். 80 மணி நேரத்துக்கு ஆறாயிரம், மணிக்கு எழுபத்தைந்து. மணிக் கணக்கில் நாங்கள் போட்டுப் பார்த்ததிலேயே அதிகம் இதுதான், அதுவும் பெட்ரோல் செலவு இல்லாமல்.

பீரோ, மேஜை எல்லாம் கட்டியாகிவிட்டதால் இரண்டு அட்டைப்பெட்டியைச் சேர்த்துவைத்து மேலே கேரம் போர்டைக் கவிழ்த்துப் போட்டு அதுதான் மேஜை. நற்பெயர், கூட்டாளி சேர்ப்பு, கூட்டாளி விலகல் என்று கூடத்தில் பாடம் நடக்கும்போது அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். விலகும் கூட்டாளிக்குச் சேரவேண்டிய தொகையை எப்படிக் கணக்கிடுவது என்று அவன் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்தான். எங்கள் நோட்டிலும் இத்தனை நாளாக ஓடிக்கொண்டிருந்தது அதே கணக்குதானே என்று சிரிப்பு வந்தது.

தேர்வு முடிந்த கையோடு ஆடிட்டர் ஆபீஸ். இது அவனுடைய பேராசிரியர் ஒருவர் சொல்லிக் கிடைத்தது. மாதச் சம்பளக்காரர்கள் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வழக்கமாக ஜூலை 31 கடைசி நாள், அதனால் ஜூன் பாதியிலிருந்தே இந்த ஆபீஸ்களில் ஆள் போதாது. கம்பெனி தரும் வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16ஐயும் வரித்துறையின் பதிவான 26ஏஎஸ்ஸையும் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பது, டாலி என்ற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றுவது இதெல்லாம்தான் வேலை. மாதம் 6,000. 208 மணி நேரம், மணிக்கு இருபத்தொன்பது ரூபாய்தான், ஜவுளிக்கடையைவிடக் குறைவு. ஆனால் ஆகஸ்ட் 14 வரைதான் இருப்பான் என்று முதல் நாளே சொன்னபோது, "ஜூலை 31ஐத் தாண்டிட்டாப் போதும்ப்பா" என்றார் ஆடிட்டர். கிளம்பும்போது லெட்டர்ஹெட்டில் அனுபவக் கடிதம் தருகிறேன் என்றும் சொல்லியிருக்கிறார். கோவையில் வேலை தேடும்போது பந்தி பரிமாறியதைவிட அந்த ஒரு தாள் பேசும். வீட்டுக்காரரும் போனில் சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மொத்தமாகக் கூட்டிப்பார்த்தால் எங்கள் வழியை ஜவுளிக்கடை ஜெயித்துவிடுகிறது. மூணு மாசம் முழுசாக நின்றிருந்தால் 31,500. எங்கள் வழியில் மண்டபம் 6,300, ட்யூஷன் 6,000, ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றரை மாதத்துக்கு 9,000, ஆக 21,300தான். பத்தாயிரம் ரூபாய் இடிக்கிறது. வாடகை கட்ட அந்தப் பத்தாயிரம் இல்லாமல் முடியாது என்ற வீட்டில் நான் யோசிக்காமல் ஜவுளிக்கடையைத்தான் சொல்வேன், பிடித்து வைக்கும் பத்து நாள் சம்பளம் எந்தத் தேதியில் வரும் என்பதை மட்டும் சேரும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கொஞ்சம் தள்ளி நிற்க முடிகிறவர்கள், பிள்ளை படித்த படிப்புக்கும் இந்த மூணு மாதத்துக்குள் வந்து முடிகிற சீசனுக்கும் எங்கே பொருந்துகிறது என்று பாருங்கள். கணிதம் தெரிந்த பிள்ளையானால் பத்தாம் வகுப்புத் துணைத் தேர்வு இருக்கிறது. வேலை எதுவானாலும் அவன் பெயரில் பேங்க் கணக்கு, பான் கார்டு இரண்டும் தயாராக இருக்கட்டும். பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கும் இடமானால் அதற்குத் தரும் யுஏஎன் நம்பரைக் குறித்து வைத்துக்கொள்ளவேண்டும், அடுத்த வேலையிலும் அதே நம்பர்தான். ஆதார் முகவரியைப் புது வீட்டுக்கு இப்போதே மாற்றிவிடாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டில் அப்படிச் செய்துவிட்டு, உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்று கேட்ட இடத்தில் விளக்கம் சொல்லமுடியாமல் திரும்பி வந்தார்கள்.

நேற்று சாயங்காலம் ட்யூஷன் பையன்களில் ஒருத்தன் வாசலில் வந்து நின்றான். தேர்வு நல்லா எழுதியிருக்கிறானாம். "அண்ணே, ரிசல்ட் வர்றதுக்குள்ள ஊருக்குப் போயிருவீங்களா?" என்று கேட்டான். உள்ளேயிருந்து இவன் சொன்னான், "ஆடியில எங்கடா போறது, இங்கதான் இருப்பேன். மார்க் ஷீட்டை எடுத்துட்டு வா."